வந்தவர்கள்: நான்கு பேர்

வந்தவர்கள்:
வாத்தியார் – குரல்
அக்கா – கிட்டார்
எலும்பு – பேஸ்
தூக்கம் – டிரம்ஸ்

செய்தது: புதுப் பாட்டு ஒன்று, முழுசாக.

நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் பச்சை மையில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. தூக்கம் என்பது நான். அந்தக் கடைசிப் பெயர் பொய். அன்று நான் போகவில்லை. இது எனக்கு அன்றிலிருந்தே தெரியும். மற்றது தெரிய பதினெட்டு வருடம் ஆனது.

எங்கள் குழுவின் பெயர் ‘லிஃப்ட் பழுது’. பெயருக்குப் பின்னால் தத்துவம் எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத்தின் பழைய நிர்வாகக் கட்டடத்தில், நாங்கள் வாசித்த அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. அதில் அந்தப் பலகை நிரந்தரமாகத் தொங்கியது. முதல் நிகழ்ச்சிக்குப் போகும்போது எலும்பு அதைக் கழற்றிக்கொண்டு வந்து டிரம்ஸ் முன்னால் மாட்டினான். இரண்டு மணி நேரம் பலகை இல்லாததால் ஒரு பேராசிரியர் லிஃப்ட்டுக்குள் போய் நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாராம்.

அடித்தளத்து அறை, பழைய விடைத்தாள்களைப் போட்டுவைத்த கிடங்கு. சுவர் தெரியாமல் கூரைவரை இரும்பு அடுக்குகள், அடுக்கு முழுக்க விடைத்தாள் கட்டுகள். சத்தத்தை அவை குடித்துவிடும். எத்தனை ஆயிரம் பேர் தேறாமல் போன தாள்களோ, எங்கள் சத்தம் வெளியே போகாமல் காப்பாற்றியது அவைதான். அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு பூட்டினால்தான் மூடியிருக்கும். சாவியை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இறங்கிவரப் பதினொரு படிகள். ஏழாவது படியின் விளிம்பு உடைந்திருந்தது. ஆறாவதில் ஒரு கணம் நின்று, எட்டாவதுக்குக் காலை எட்டி வைக்க வேண்டும். அதனால் யார் இறங்கினாலும் காலடிச் சத்தத்தில் ஆறுக்குப் பிறகு ஓர் இடைவெளி இருக்கும்.

வாத்தியாருக்கு அந்தப் பெயர் வந்தது முதல் நாளே விதிமுறை எழுதியதால். நோட்டின் முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்ட வேண்டும். அதற்கு முன்னால் அறைக்குள் இருப்பவர்தான் வந்தவர். மூன்று தடவை வராதவர் குழுவை விட்டு வெளியே. ஒரு பாட்டு எந்த நாளில் உருவாகிறதோ, அந்த நாளில் வந்தவர்கள் எல்லாருக்கும் அது சொந்தம், சமமாக. எந்த வரி யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. இருபது வயதில் இதையெல்லாம் யோசித்து எழுதியவனை மெச்சத்தான் வேண்டும். வகுப்புப் பக்கமே போகாத நான்கு பேர் தங்களுக்கென்று ஒரு வருகைப் பதிவேடு வைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்புக்கூட வருவதில்லை.

வகுப்பில் எங்களுக்குப் புராக்ஸிதான். ஒருவன் போய் உட்கார்ந்து மற்றவர்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். எலும்புக்கு நான்கு குரல் வரும். இதில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. புராக்ஸி கொடுத்தவனுக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் யாராவது கேட்டுவிடுவார்கள். மறுநாள் எதிரில் பார்த்தாலும் எதுவும் நடக்காத மாதிரி போய்விட வேண்டும். அதுதான் மரியாதை.

எவ்வளவு புராக்ஸி போட்டும் எனக்கு வருகை நாற்பத்தொரு சதவீதம்தான் வந்தது. பரீட்சை எழுத விடவில்லை. அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், பேசாமலே இருந்திருக்கலாம். நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று மாலை நாலு மணிக்கே பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அன்று ஒத்திகை. அதற்கு முன் இரண்டு தடவை போகாமல் இருந்திருக்கிறேன். இதோடு மூன்று. சரி, குழுவும் போச்சு என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குச்சிகளை எடுத்துவரப் போனேன். நோட்டைத் திறந்தால் என் பெயர் இருந்தது. பச்சை மை அக்காவுடையது. அவளைப் பார்த்தேன். குனிந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“அன்னைக்குப் போட்டதை வாசிக்கலாமா?” என்றாள்.

எல்லாரும் தலையாட்டினோம். அவள் ஆரம்பித்தாள். நான் கேட்டே இராத பாட்டு. தெரிந்த மாதிரி தட்டினேன். எலும்பு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்து, சைகை காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியார் அவள் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்துப் பாடினான். முதல் தடவையிலேயே நன்றாக வந்தது. வாசித்து முடித்ததும் அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது. எலும்பு, “டீ குடிக்கப் போலாமா, இன்னைக்கு நான் வாங்கித் தரேன்” என்றான். போனோம்.

அந்தப் பாட்டுதான் ‘ஏழாவது படி’. கீழே உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, மேலிருந்து வருகிற காலடியை எண்ணுகிறாள். ‘ஆறு வரைக்கும் எண்ணினேன்’ என்பது பல்லவி. அதற்கு மேல் பல்லவியில் ஒன்றும் இல்லை; கிட்டார் மட்டும் இரண்டு சுற்று. நாங்கள் மொழி ஆய்வுக்கூடத்து ஒலிப்பதிவு அறையில் இரண்டு நாளில் ஒன்பது பாட்டுகள் பதிவு செய்து முந்நூறு சிடி போட்டோம். எட்டுப் பாட்டை எங்களுக்கே பிடிக்கவில்லை. இது மட்டும் பரவியது. மாணவர் வானொலியில் போட்டார்கள், பிறகு யார் யாரோ போட்டார்கள். மேசை நாற்காலி ஏற்றும் வேனில் ஏறி ஊர் ஊராகப் போனோம். எல்லா ஊரிலும் இதைத்தான் கேட்டார்கள். காதல் பாட்டு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். சிடி அட்டையில் எல்லாப் பாட்டுக்கும் கீழே ‘ஆக்கம்: நால்வர்’ என்றிருந்தது. விதிமுறைப்படி.

மேடையில் வாத்தியார் அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு கதை சொல்வான். மழை பெய்த ஒரு சாயங்காலம், நாங்கள் நான்கு பேரும் நனைந்து உட்கார்ந்திருந்தபோது, மழைச் சத்தத்திலிருந்து அந்தப் பாட்டு எழுந்து வந்ததாக. நான் டிரம்ஸுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன். என் புராக்ஸி வெளியே தெரியாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். அக்கா அந்த நேரத்தில் முதுகைத் திருப்பி ஆம்ப்ளிஃபையரைத் திருகிக்கொண்டிருப்பாள். ஒன்றரை வருடம் அப்படித் திருகினாள். ஒரு நாள் கிட்டாரை வேனிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு, “நான் இனிமே வரலை, பேரை எழுதாதீங்க” என்று சொல்லிப் போய்விட்டாள். வேலை கிடைத்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். அவள் இல்லாமல் மூன்று மாதம் இழுத்தோம். அப்புறம் யாரும் குழுவைக் கலைக்கவில்லை. போவதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

இப்போது அக்கா ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிறாள். எலும்பு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். அதை வைத்துச் சொல்லக்கூடிய எல்லா ஜோக்கையும் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். இப்போது அவனுக்குத் தொப்பை. வாத்தியார் மட்டும் இன்னும் பாடுகிறான். உணவகங்களின் மூலையில், வாடகை வாத்தியக்காரர்களோடு. கடைசியில் அந்தக் கதை, பிறகு அந்தப் பாட்டு. நான் அதே கிடங்கில்தான் இருக்கிறேன், இரவு ஷிஃப்ட். நான்கு குளிரறைகள். மணிக்கொரு தடவை ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் நேரில் போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு தடவை சோம்பல்பட்டு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுதிவிட்டேன். அந்த இரவில்தான் இரண்டாம் அறையின் கம்ப்ரஸர் நின்றது. அறை முழுக்கச் சரக்கு வீண். நோட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு பார்க்காததை எழுதுவதில்லை.

தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறேன். நான் பகலில் தூங்குவதை மாப்பிள்ளை கிண்டல் செய்வார். “மச்சான், பாட்டுக் கட்டுறவங்களுக்குச் சூரியனைக் கண்டா ஆகாதாமே?” என்பார். தங்கைக்குக் கோபம் வந்துவிடும். “என் அண்ணன் பேரு பாட்டுல இருக்கு. உங்க பேரு எதுல இருக்கு? கரண்ட் பில்லுலதான்” என்பாள். எனக்காக யாராவது பெருமைப்படுகிறார்கள் என்றால் அவள் ஒருத்திதான். அதற்கும் காரணம் அந்த ஒரு பாட்டுதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். எனக்கு அது நடுத்தூக்கம்.

“தூக்கம், நோட்டு உன்கிட்டதானே இருக்கு?”

“இருக்கு. எதுக்கு?”

“அந்தக் கம்பெனிப் பொண்ணு உன்கிட்டயும் பேசியிருப்பாளே. சிடியை இசைத்தட்டா திரும்பப் போடுறாங்களாம். நாளைக்கு அடித்தளத்துல போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கணுமாம். நோட்டை எடுத்துட்டு வா.”

“சரி.”

“இன்னொண்ணு. ‘ஏழாவது படி’யில என் பேரு மட்டும் இருக்கணும். நாலு பேர்னு போட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நேர்ல வந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க, அதான் இப்பவே சொல்றேன்.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அப்புறம் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது எனக்கு அநியாயமாகப் பட்டது. என் பெயரை எடுக்கட்டும், நான் போகாதவன். வாத்தியாரும் எலும்பும் என்ன செய்தார்கள்? அவர்கள் அன்று இருந்தார்களே என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து நேராகப் போனேன். கட்டடத்தின் வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார். எலும்பு எனக்கு முன்னாலேயே வந்து பேனாவோடு குனிந்திருந்தான்.

“சார், என்ன பண்றீங்க?” என்றார் காவலாளி.

“பேரு எழுதுறேன்.”

“உங்க பேரை எழுதுங்க. நாலு பேரு எழுதுறீங்க?”

“அவங்களும் வருவாங்கய்யா. பின்னாலயே வராங்க.”

“வந்து அவங்களே எழுதட்டும். அவங்கவங்க பேரு அவங்கவங்க கை. வராதவங்க பேரை எழுதி நாளைக்கு ஏதாவது காணாம போனா யாரைப் போய்த் தேடுறது? ஒரு மணி நேரம்தான், சொல்லிட்டேன். பத்து மணிக்கு வேலைக்காரங்க வந்திடுவாங்க.”

எலும்பு மூன்று பெயர்களை அடித்தான். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். “பழக்கதோஷம்டா” என்றான்.

கீழே இறங்கினோம். ஏழாவது படி இன்னும் உடைந்துதான் இருந்தது. கால் தானாகவே எட்டி வைத்தது. அறை காலியாக இருந்தது. அடுக்குகளையும் விடைத்தாள்களையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சர்வர்கள் வைக்கப் போகிறார்களாம். பேசினால் எதிரொலித்தது. கம்பெனிப் பெண் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கேமராவோடு நின்றிருந்தாள். பாட்டு வந்தபோது அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாள். வாத்தியார் கறுப்புச் சட்டையில் வந்திருந்தான். தலைக்கு மை பூசியிருந்தான். அக்கா கடைசியாக வந்தாள். கடையிலிருந்து நேராக வந்தவள் போல விரல் நுனிகளில் இரண்டு பிளாஸ்திரி.

“என்னடா எலும்பு, உன்னை வெச்சே இப்ப நாலு எலும்பு பண்ணலாம் போல” என்றாள்.

“நீ மட்டும் அப்படியே இருக்கே அக்கா. வாயைச் சொன்னேன்.”

அவ்வளவுதான் குசலம். போட்டோ எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள், யாருக்கும் சரியாக வரவில்லை. பிறகு அந்தப் பெண் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வாத்தியார் முன்னால் நீட்டினாள்.

“சார், அந்தப் பாட்டு பிறந்த கதையை இங்கயே வெச்சு ஒரு தடவை சொல்லுங்களேன். தட்டோட வர்ற புத்தகத்துல போடணும்.”

வாத்தியார் தொண்டையைச் செருமினான். “அன்னைக்கு நல்ல மழை. நாங்க நாலு பேரும் தொப்பலா நனைஞ்சு இங்கதான் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசலை. மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு…”

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். “மழைச் சத்தம் எப்படி சார் கேட்கும்? ஜன்னலே இல்லையே?”

குறும்பாகக் கேட்கவில்லை. புத்தகத்தில் சரியாக வர வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். வாத்தியார் விரலை மேலே காட்டினான். மேலே நான்கு மாடி கான்கிரீட் இருந்தது.

“வாத்தி, போதும், நிறுத்து” என்றாள் அக்கா. “தூக்கம், நோட்டை எடு.”

நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கம்பெனிப் பெண் வாங்கிப் படித்தாள். “நாலு பேரும் வந்திருக்கீங்கன்னுதானே மேடம் இருக்கு?”

“எழுதினது நான். அன்னைக்கு ஒருத்தரும் வரலை.”

எலும்பு கூரையைப் பார்த்தான்.

“அதுக்கு முன்னாடி மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு தடவை மட்டம் போட்டிருந்தீங்க. அன்னைக்கும் வரலைன்னு எழுதினா மூணு. மூணு பேரும் வெளியே. அப்புறம் குழுன்னு யாரு மிச்சம்? நானும் அந்த லிஃப்ட்டும். அஞ்சு மணிக்குக் கதவைப் பூட்டிட்டு உட்கார்ந்தேன். எட்டு மணி வரைக்கும் யாராவது வந்து தட்டுவீங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்து போட்டதுதான் அந்தப் பாட்டு. போகும்போது நாலு பேரையும் எழுதினேன்.”

“அக்கா, பதினெட்டு வருஷம் ஆச்சு,” என்றான் வாத்தியார் மெதுவாக. “ஞாபகம் மாறிப்போகும். உன் கையெழுத்துலதான் இருக்கு. நோட்டுல இருக்கிறதுதானே நம்ம விதி?”

நான் வாயைத் திறந்தேன். தங்கையின் முகம் ஒரு கணம் வந்து போனது.

“நான் வரலை” என்றேன். “அன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டையில தேதி இருக்கு.” கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சேர்ந்த நாள் என்ற இடத்தில், நோட்டுப் பக்கத்தின் மேலே எழுதியிருந்த அதே தேதி.

எலும்பு நாற்காலியை விட்டு எழுந்தான். “என்னது? நீயும் வரலையா?”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “நீயும்னா?”

அவன் திரும்ப உட்கார்ந்தான். தொப்பையின் மேல் கையைக் கோத்துக்கொண்டான். “எக்ஸ்ரே படிப்புக்கு அன்னைக்கு நேர்முகம். உங்க யாருகிட்டயும் சொல்லலை. திரும்பி வந்து பார்த்தா நோட்டுல பேரு இருந்துச்சு. மூணு பேரும் சேர்ந்து போட்ட பாட்டுல நான் மட்டும் ஓசியில பேரு வாங்கிட்டேன்னு இத்தனை வருஷமா நெஞ்சு அரிச்சுக்கிட்டு இருக்கு. அந்தக் குற்றத்துக்குத்தானே அத்தனை டீ வாங்கிக் கொடுத்தேன்!”

“அன்னைக்கு என் கையையே பார்த்தியே?” என்றேன்.

“நீ எப்படித் தட்டுறேன்னு பார்த்துத்தானே நான் வாசிச்சேன்?”

“நான் உன்னைப் பார்த்துத் தட்டினேன்.”

அக்கா சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “வாசிச்சு முடிச்சதும் ஒருத்தனாவது கேட்பீங்கன்னு பார்த்தேன். ‘இது எப்ப போட்டது, நான் வரலையே அக்கா’ன்னு. கேட்டிருந்தா அன்னைக்கே நாலு பேரோடதுன்னு நானே விட்டிருப்பேன். ஒருத்தரும் கேட்கலை. நீங்க மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டு அமுக்கிட்டீங்கன்னு நினைச்சேன். அப்புறம் இவன் மேடையில மழை பெய்ய வெச்சான்.”

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிப் பெண் கருவியை அணைத்துவிட்டாள். அவளுக்கு அந்த அறிவு இருந்தது.

“நான் வந்தேன்” என்றான்.

“வாத்தி, கதவைப் பூட்டினது நான்.”

“உள்ளே வரலை. படிக்கட்டு வரைக்கும் வந்தேன். நிஜமாவே மழை. மேல வாசல் கதவு திறந்திருந்துச்சு, படியில நின்னா மழை கேட்கும். அஞ்சே முக்கால் இருக்கும். தட்டலாம்னு இறங்கினேன். நீ வாசிக்கிறது கேட்டுச்சு. ஆறாவது படியில நின்னுட்டேன்.”

‘ஆறு வரைக்கும் எண்ணினேன்’ என்று அவன் எத்தனை ஊரில், எத்தனை ஆயிரம் தடவை பாடியிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தட்டியிருக்கிறேன். எனக்கு அதில் ஓர் ஆள் இருப்பதாகவே தோன்றியதில்லை. அது காதல் பாட்டு இல்லை. வராதவர்களின் கணக்கு.

“அது நீயா?” என்றாள் அக்கா. “யாரோ வந்து திரும்பிப் போறது கேட்டுச்சு. காவலாளின்னு நினைச்சேன். எதுக்குடா திரும்பிப் போனே?”

“நல்லா இருந்துச்சு. நான் உள்ளே வந்தா அதுல கை வைப்பேன்னு எனக்குத் தெரியும்.”

“அப்புறம் வெச்சேதானே.”

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கறுப்புச் சட்டையின் காலர் வெளுத்திருந்தது.

கம்பெனிப் பெண் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே நான்கு பெயர்கள். அடிப்பதென்றால் அவரவர் பெயரை அவரவர்தான் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது. மேலே காவலாளி சொன்ன அதே விதி.

நான் முதலில் வாங்கினேன். மடியில் வைத்து அடித்ததில் கோடு வளைந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்தேன். மாப்பிள்ளை இல்லாத நேரத்தில் சொல்ல வேண்டும். எலும்பு நேராக, அழுத்தி அடித்தான். “அப்பாடா” என்றான். “இனிமே டீ அவங்கவங்க காசு.”

தாள் வாத்தியாரிடம் போனது. பேனாவைத் திறந்தான், மூடினான்.

“இதையும் எடுத்துட்டா எனக்கு என்ன இருக்கு, சொல்லு?” என்றான். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்ட மாதிரி இருந்தது. “இவனுக்கு வேலை இருக்கு, அவனுக்கு வேலை இருக்கு. நான் இதைத்தானே பண்றேன்?”

“பாடினது நீதான். குரல்னு போட்ட இடத்துல உன் பேரை யாரும் தொடலை. நாளைக்கும் நீயே பாடு.”

“ஆறு படி வந்திருக்கேன் அக்கா. இவங்க ரெண்டு பேரும் கட்டடத்துக்கே வரலை. நான் வந்தேன். நான் வந்து நின்னதாலதான் அந்த வரியே…”

“ஆமா. உன்னாலதான் அந்த வரி.” அக்கா நோட்டைப் புரட்டி முதல் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். “அஞ்சு மணிக்கு அறைக்குள்ள இருக்கிறவங்கதான் வந்தவங்க. படிக்கட்டுல நின்னவங்களுக்கு வருகை கிடையாது. உன் கையெழுத்து. நீ போட்ட விதி.”

அவன் அதைப் படித்தான். இருபது வயதில் தான் எழுதியதை ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். எங்காவது ஒரு சந்து இருக்குமா என்று தேடுகிற மாதிரி இருந்தது. இருக்கவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

“மேடையில என்ன சொல்லட்டும்?”

“நடந்ததைச் சொல்லு. மழை பெஞ்சுது, நீ வெளியே நின்னுக்கிட்டிருந்தே. உன் கதையைவிட அது நல்லாத்தான் இருக்கு.”

அவன் அடித்தான். கையெழுத்துப் போட்டான். தாளை நீட்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா வாங்கி, தனியாக நின்ற தன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஜெயித்தவள் மாதிரி இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக் கடைக்காரி துடைக்கிற மாதிரி, வட்டமாக, அவசரமில்லாமல். “எனக்கு இன்னும் மூணு ஃப்ரேம் இருக்கு, பதினோரு மணிக்குள்ள கொடுக்கணும்” என்றாள்.

மேலிருந்து காவலாளியின் குரல் வந்தது. “நேரமாச்சு சார்! வேலைக்காரங்க வந்துட்டாங்க.”

கம்பெனிப் பெண் நாற்காலிகளை அடுக்கினாள். எலும்பு இரண்டைத் தூக்கிக்கொண்டான். நான் நோட்டைப் பையில் வைத்தேன். பிறகு எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். “நீயே வெச்சுக்கோ. அதுல நிறையப் பக்கம் நிஜம்தான்.” அவள் முன்னால் ஏறினாள். நாங்கள் பின்னால் ஏறினோம். ஆறாவதில் யாரும் நிற்கவில்லை. ஏறும்போது நிற்கத் தேவையில்லை.

மேலே வந்து பார்த்தால் வாத்தியாரைக் காணோம். காவலாளி சாவியோடு கீழே இறங்கினார். நானும் பாதிப் படிவரை போனேன். அவன் அறையின் நடுவில் நின்றிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, சும்மா.

“சார், ஒரு அஞ்சு நிமிஷம்னுகூடச் சொல்ல முடியாது. கிளம்புங்க” என்றார் காவலாளி.

வாத்தியார் வெளியே வந்தான். காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். “வேற யாராவது உள்ளே இருக்காங்களா?”

“யாரும் இல்லை” என்றான்.

காவலாளி விளக்கை அணைத்து, அவனுக்குப் பின்னால் கதவை இழுத்து மூடி, சாவியை இரண்டு சுற்று சுற்றினார்.